மூன்று புள்ளி ஒன்று

"உங்க வீட்டுக்காரருக்கு இதயத்துக்குப் போற ரத்த ஓட்டம் அருமையா இருக்கும்மா. இனிமே எந்த வேலை வேணும்னாலும் செய்யலாம்" என்று டாக்டர் சொன்னதும், தையல்காரம்மாவுக்கு முதலில் கண் கலங்கியது. அடுத்த நொடியே பயம் பிடித்தது.

"எந்த வேலைன்னாலுமா டாக்டர்?"

"ஆமா. மருந்து கொடுத்து ரத்தக் குழாயை விரிய வெச்சு அளந்தோம். சும்மா இருக்கும்போது ஓடறதைப் போல மூணு புள்ளி ஒண்ணு மடங்கு ஓடுது. ரெண்டுக்கு மேல இருந்தாலே நல்லதுதான். ரொம்ப நாள் இருப்பாரு, கவலைப்படாதீங்க."

கவலையே அதுதான். அவள் கணவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொழுது போகாமல் வீட்டுச் சாமான்களை ரிப்பேர் செய்பவர். அவர் கை வைத்த மின்விசிறி காற்றைக் கூரைக்கு அனுப்பியது. குழாய் ஒழுகுவதை நிறுத்தினார். ஒழுகலோடு தண்ணீரும் நின்றது. பிறகுதான் நெஞ்சு வலி வந்தது. எதையும் தூக்காதே, எதிலும் ஏறாதே என்று டாக்டர் கட்டிப் போட்ட இந்த நாலு மாதத்தில், வீட்டில் ஒரு பொருள்கூடக் கெட்டுப்போகவில்லை.

அவர் நூறு வயது இருக்க வேண்டும். கையில் ஸ்க்ரூடிரைவர் மட்டும் இருக்கக் கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த வாத்தியார், "என்ன சொன்னாரு?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் ஜாக்கிரதையா இருக்கணுமாம்."

"நம்பர் எவ்வளவு?"

கணக்கு வாத்தியார் அல்லவா! அவள் இதை எதிர்பார்க்கவில்லை. வாய்க்கு வந்தபடி எண்ணைத் திருப்பிப் போட்டாள். "ஒண்ணு புள்ளி மூணு."

வீடு வந்து சேரும்வரை அவர் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரிப்போர்ட்டை வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் காலையில் 'டங்' என்று சத்தம். ஓடி வந்து பார்த்தால், வாத்தியார் ஸ்டூல்மேல் நிற்கிறார்.

"ஐயோ! இறங்குங்க!"

"தடுக்காதே. எனக்கப்புறம் எது கெட்டாலும் நீ யாரைப் போய்க் கூப்பிடுவே? போறதுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சுட்டுப் போயிடறேன்." சொல்லிக்கொண்டே விளக்கைக் கழற்றினார்.

முப்பது வருடமாக, 'பேசாம உக்காருங்க' என்ற ஒற்றை அதட்டலில்தான் அந்த வீட்டைக் காப்பாற்றி வந்தாள். போகப் போகிறேன் என்று நிற்கிற மனிதரை எப்படி அதட்டுவது?

மத்தியானம் விளக்கைப் போட்டால் காலிங்பெல் அடித்தது. மறுநாள் ஃபிரிட்ஜைப் பிரித்தார். "கொர்ருங்கற சத்தம் நின்னுடுச்சு பாத்தியா?" என்றார். சத்தம் நின்றதுதான், உள்ளே பால் வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்கடுத்த நாள், "நாலு பேருக்கு உதவினேன்னு இருக்கட்டும்" என்று கீழ்வீட்டுக்கு இறங்கினார். கடைசி ஆசை என்று கேட்டால் கீழ்வீட்டுப் பெண் என்ன செய்வாள்? வாஷிங் மெஷினைக் காட்டினாள். அது நன்றாகத்தான் துவைத்தது. கதவைத்தான் திறக்க மறுத்துவிட்டது. ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பெல்லாம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன.

தையல்காரம்மா ஒரு யோசனை செய்தாள். "டாக்டர் போன் பண்ணாருங்க. உடம்பை அலட்டிக்கவே கூடாதாம்."

"அப்படியா? அப்போ நாள் ரொம்பக் குறைச்சலா இருக்கு" என்று அவர் வேகத்தைக் கூட்டினார். சாயங்காலத்துக்குள் அவளுடைய தையல் மிஷின் மேஜைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

"இது தேவையில்லாத ஸ்க்ரூ" என்றார் வாத்தியார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. மூட்டையைக் கலைத்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். "நீங்க சாகப் போறதில்லைங்க! மூணு புள்ளி ஒண்ணு! நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். இதையெல்லாம் நீங்க தொடக் கூடாதுன்னுதான் சொன்னேன்!"

வாத்தியார் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் கையைப் பற்றிக்கொண்டார். "என் மனசு உடையக் கூடாதுன்னு ரிப்போர்ட்டையே மாத்தி வாங்கிட்டு வந்திருக்கே. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் மோட்டாரைக் கழற்றப் போனார்.

நாலு மாதம் முன்பு, ஆம்புலன்ஸில் இதே கையைத்தான் அவள் விடாமல் பிடித்துக்கொண்டு போனாள். அவரிடமா விளையாடினோம் என்று நினைத்ததும் அழுகை வந்தது. மோட்டார் போனதால் முகம் கழுவவும் தண்ணீர் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் இன்னும் வரவில்லை. அன்று டெஸ்ட் எடுத்த நர்ஸ் மட்டும் இருந்தாள். வாத்தியார் தாழ்வாரத்திலேயே தங்கி, ஆடிக்கொண்டிருந்த ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவருக்கு மூணு புள்ளி ஒண்ணுதான்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு" என்று தையல்காரம்மா கெஞ்சினாள்.

நர்ஸ் அவளை வியப்போடு பார்த்தாள்.

"டெஸ்ட் எடுத்த அன்னிக்கு சாயங்காலமே அவர் போன் பண்ணிக் கேட்டாரு, நானும் சொல்லிட்டேனேம்மா! 'நல்லதாப் போச்சு, எனக்குத் தெரியும்னு வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேண்டாம், எனக்கு நிறைய ரிப்பேர் வேலை பாக்கி இருக்கு'ன்னாரே!"