எண்பத்தாறு கிலோ ஏழை

ஒருவர் எவ்வளவு ஏழை என்பதை இனிமேல் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது, எடை போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு ஐப்பசியில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் போனால் ஏழை இல்லை. மேலிடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் தீட்டும் கண்ணம்மாளுக்கு இது வீட்டுப் பிரச்சினை. புருஷன் போய் ஆறு வருஷம், கூரையில் பாதி போய் மூன்று வருஷம். ஏழை என்று முத்திரை விழுந்தால் அரசாங்கம் காங்கிரீட் வீடு கட்டித்தரும். நனைந்த புடவையோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

அலுவலகத்தில் ஆளை நிறுக்கத் தராசு இல்லை. பொம்மைக் கம்பெனியில் களிமண் நிறுக்கும் தராசை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். கண்ணம்மாள் ஏறினாள். முள் எண்பத்தாறில் நின்றது.

சிறப்பு எடை அலுவலர் மாணிக்கவேல் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, எண்பத்தாறு கிலோ ஏழைய எந்த ஊர்ல பாத்திருக்க?"

வரிசை மொத்தமும் சிரித்தது.

"சார், ஈர மண்ணுன்னா இந்தத் தராசுல நூத்துக்குப் பத்து கழிப்பாங்க. வூடு ஒழுவி தொப்பலா நனைஞ்சி வந்திருக்கேன். எனக்கும் கழிங்க."

"கழிவு மண்ணுக்குத்தான். மனுஷாளுக்கு ஆணை வரல. ஆமா, என்னதான் சாப்புடுற?"

"மூணு வேளையும் சோறுதாங்க. ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூவா. ரேஷன் பாமாயில்ல வத்தல் பொரிச்சிக்குவேன். பசிச்சா டீயில நாலு கரண்டி சக்கரை. நாள் பூரா குந்திக்கிட்டே செய்யிற வேலைங்க."

"காய், கீரை, பழம்?"

"அதெல்லாம் வாங்கித் தின்ன முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வரேன்?"

'வளமாக உண்கிறார்' என்று மாணிக்கவேல் எழுதி மனுவைத் தள்ளுபடி செய்தார். பிறகு டப்பாவைத் திறந்து, ஆப்பிள் துண்டு ஒன்றைத் துக்கத்தோடு மென்றார். "எளைக்கிறது சும்மாவா? ஆப்பிளு, ஓட்ஸு, நடக்கிறதுக்குன்னு தனி ஷூ. சம்பளத்துல பாதி போவுது. நீ எளைச்சிட்டு வா, பாப்போம்."

அந்த அடைமழையில் கூரை மிச்சமும் விழுந்தது. ஈரத்தில் படுத்த கண்ணம்மாளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கஞ்சிகூட இறங்கவில்லை. தை மாதம் எழுந்து வந்து தராசில் ஏறியபோது முள் அறுபதில் நின்றது. காய்ச்சலுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

மாணிக்கவேலுக்கு வயிறு எரிந்தது. "மூணு மாசத்துல இருபத்தாறு கிலோவா! ரெண்டு வருஷமா எனக்கு ரெண்டு கிலோ கொறையல. இதுக்கு எவ்ளோ செலவாவும்னு எனக்குத் தெரியாதா? இவ்ளோ வசதிய வச்சிக்கிட்டு அரசாங்க வூடு கேக்குறியே!"

"சார், காய்ச்சலுங்க! வூடு ஒழுவி வந்த காய்ச்சலு!"

"ஒழுவுறதுக்கு வூடு இருக்குதுல்ல? அப்பறம் எதுக்கு இன்னொரு வூடு?"

இந்தத் தடவை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

குண்டாக இருந்தவர்கள் தின்றவர்கள், ஒல்லியாக இருந்தவர்கள் செலவழித்தவர்கள். இப்படி நிறுத்துப் பார்த்ததில் வட்டத்தில் ஓர் ஏழைகூடத் தேறவில்லை. 'வறுமை அறவே ஒழிந்த வட்டம்' என்று விழா எடுத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். கண்ணம்மாளும் தட்டினாள். தட்டியவர்களுக்குத்தான் லட்டு கொடுத்தார்கள்.