ஃப்ரிட்ஜுக்குள் எரியும் விளக்கு

“யாரய்யா நீ? இலவசமாப் பேய்க் கதை சொல்றேன்னு வந்து, ஒரு குடும்பஸ்தனை அவன் சொந்த வீட்டுலயே நடமாட முடியாமப் பண்ணிட்டியே, உனக்கே நியாயமா இருக்கா?”

முகம் தெரியாத அந்தக் கதைசொல்லிக்கு, கதைக்குக் கீழேயே இப்படி எழுதிப் போட்ட பிறகுதான் பாதிவிலைக்காரருக்கு மூச்சு வந்தது.

யார் என்ன விலை சொன்னாலும் பாதியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். அதனால் அந்தப் பெயர். பல் பிடுங்கப் போன இடத்தில், “பாதி பிடுங்கினா எவ்வளவு?” என்று கேட்ட மனுஷர். பழைய ஃப்ரிட்ஜ் வாங்கி விற்பது தொழில். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது; மிச்சப் பாடத்தை அடிபட்டு மிதிபட்டுக் கற்றார். எதிலும் தள்ளுபடி கேட்பவர், தன் கோபத்தில் மட்டும் யாருக்கும் தள்ளுபடி தந்ததில்லை.

வினை ஆரம்பித்தது ஒரு மாதத்துக்கு முன்னால். மத்தியானத்தில் கடை ஈயடித்தது. பேய்ப் படம் பார்க்கலாமென்று போனைத் திறந்தால் மாதச் சந்தா கேட்டது. வீட்டுக்கு வந்து குதித்தார்.

“என்னைப் பயமுறுத்துறதுக்கு நானே காசு குடுக்கணுமாம்! எவன்டி குடுப்பான்?”

“இலவசமா ஒண்ணு இருக்குங்க. காதால கேக்குற கதை, வெள்ளிக்கு வெள்ளி வரும்” என்றாள் மனைவி. “ஆனா உங்களுக்கு வேணாம். பயந்துடுவீங்க.”

“நானா? எடு அதை!”

கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு கட்டைக் குரல். கதையில் ஒரு பழைய சாமான் வியாபாரி. அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம் அடித்துப் பேசி, அவள் ஃப்ரிட்ஜை அள்ளிவந்து பின்னறையில் போட்டுவைக்கிறான். மின்சாரமே கொடுக்காத ஃப்ரிட்ஜ். ஆனால் கதவிடுக்கில் விளக்கு எரிகிறது.

பாதிவிலைக்காரர் வீட்டுப் பின்னறையிலும் ஃப்ரிட்ஜ் உண்டு. விற்காத ஏழு. அந்த அறையைத்தான் மனைவி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாத்திக்க ஒரு கதவு. கொஞ்சம் எழுதணும்ங்க.”

“மளிகை லிஸ்ட் எழுத எதுக்குடி தனி ரூம்?” என்று ஒவ்வொரு தடவையும் சிரித்தே மழுப்பிவிடுவார்.

முதல் பாகம் கேட்ட அன்று ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் பின்னறைக்குப் போனார். ஏழும் வரிசையாக நின்று அவரையே பார்த்தன. திரும்பி வந்தார்.

“நீ போய் எடுத்துட்டு வா.”

“பயமா இருக்கா?”

“எனக்கா? முட்டி வலி.”

இரண்டாம் பாகத்தில் ஃப்ரிட்ஜ் கதவு தானாகத் திறந்தது. மறுநாளே வண்டி பிடித்து ஏழையும் இன்னொரு வியாபாரியிடம் தள்ளிவிட்டார். அவன் சொன்ன விலைக்கே! “அண்ணே, உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டான் அவன். அன்று சாயங்காலமே பின்னறைக்கு மேசை போனது.

மூன்றாம் பாகத்தில், அறை பறிபோன பேய் சோபாவுக்குப் பின்னால் குடியேறியது. சோப்பு நுரை பட்ட கையை மட்டும் அது அண்டாதாம். பாதிவிலைக்காரர் அன்றிலிருந்து பாத்திரம் தேய்த்தார். ‘யாரய்யா நீ’ என்று எழுதிப் போட்டது அந்த வாரம்தான்.

நான்காம் பாகத்தைக் கடையில் உட்கார்ந்து கேட்டார். பேய் பெருமூச்சு விடும் கட்டம். அந்தப் பெருமூச்சுக்கு நடுவில், எங்கோ தூரத்தில், வேறொரு குரல்:

“ஆளில்லாத ரூம்ல யாருக்குடி ஃபேன் ஓடுது? பேய்க்கா?”

தன் குரல்! மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டார். வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது தான் போட்ட சத்தம்தான். கடையைச் சாத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து பின்னறைக் கதவைத் தள்ளினார்.

“நீதானா அது?”

“ஆமாங்க.”

“அந்த ஆம்பளைக் குரலு?”

“அதை மாத்த ஒரு ஆப் இருக்கு. அதுவும் இலவசம்தான்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“மூணு வருஷமா எழுதணும் எழுதணும்னு சொன்னேனே. சிரிச்சீங்க.”

அவர் மேசைப் பக்கம் திரும்பினார். மேசை நிறைய நோட்டுகள். ஓரமெல்லாம் அடித்தல் திருத்தல்.

“எத்தனை பேர் கேக்குறாங்க?”

“முப்பதாயிரம்.”

மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. அப்புறம்தான் ஏமாந்தது உறைத்தது. “அதெல்லாம் இருக்கட்டும்! ரூமைக் காலி பண்ணு. நாளைக்கே புது ஸ்டாக் இறங்குது!”

“இறங்கட்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாகம். வியாபாரி ஃப்ரிட்ஜைத் திறக்குறான்.”

“திறந்து?”

“அதெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது.”

“செத்துடுவானாடி?”

“இன்னும் முடிவு பண்ணல. எழுத ஒரு ரூம் இருந்தா நிதானமா யோசிப்பேன்.”

“ஒரேயடியா வேணாம். ஒரு பாதி…”

“இதுல பேரம் கிடையாதுங்க.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பேனா ஓடும் சத்தம். அவர் அடுப்படியில் போய் நின்றார். சட்டியைத் தேய்த்தார். மனசு ஆறவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, கதைக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்:

“எழுத்தாளர் அம்மா! ரூம் உங்களுக்குத்தான், முழுசா. ஸ்டாக் வராது. இனிமே நீங்கதான் இதைச் சரி பண்ணணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த மனுஷனை ஃப்ரிட்ஜ் பக்கத்துலேருந்து நகத்திடுங்க!”