‘பாலைத் தென்றல்’ ஏட்டின் மகிழ்ச்சியான வரலாறு

நார்வே போன்ற வளர்ந்த நாடுகளிலும் செய்தித்தாள்கள் நின்றுபோனதுண்டு என அறிகிறேன். ஆயினும் பர் துபாயில் 2003 முதல் 2009 வரை வெளிவந்த ‘பாலைத் தென்றல்’ வார ஏடு நின்ற சிறப்புடன் உலகில் வேறெந்த ஏடும் நின்றதில்லை என்பதை, அதன் உதவி ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில், பெரியோர் முன் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

ஆசிரியர் திரு. சேதுமாதவன் அவர்களின் கொள்கை ஒன்றே: எந்தத் தலைப்பும் ‘மகிழ்ச்சி’யில் முடிய வேண்டும். சாலை நெரிசலா? ‘பயண நேரம் நீட்டிப்பு: பேருந்தில் உறங்குவோர் மகிழ்ச்சி’. கடைசிப் பக்கம் முழுவதும் ஒரு கட்டுமான நிறுவனத்தின் விளம்பரம்.

2008 ஜூலையில் அந்நிறுவனத்தின் சோனாப்பூர் தொழிலாளர் முகாமிலிருந்து சோலைமுத்து என்ற தொழிலாளி வந்தார்.

“சார், கேம்ப்ல ஏசி ஓடலை. எல்லாரும் மொட்டை மாடியிலதான் படுக்கிறோம். தூக்கமில்லாம எங்க ரூம் மணிகண்டன் சைட்டுல மயங்கி விழுந்துட்டான். இன்னொருத்தன் விழறதுக்குள்ள பேப்பர்ல போடுங்க சார்.”

“மாடியில காத்து வருதா தம்பி?”

“அனல் காத்து சார்.”

“காத்துதானே?” என்ற ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க.”

‘விண்மீன்களின் கீழ் உறக்கம்: தொழிலாளர் மகிழ்ச்சி’ வெளியாயிற்று. நிறுவன மேலாளர் மஹ்மூது அதை மொழிபெயர்க்கச் செய்து, கண்ணாடிச் சட்டமிட்டு, தம் அறையில் மாட்டினார். பிறகு அம்மகிழ்ச்சியைப் பக்கத்துக் கட்டடத்துக்கும் ‘விரிவுபடுத்தினார்’.

சோலைமுத்து மீண்டும் வந்தார்.

“பக்கத்து பில்டிங் ஏசியையும் அந்த மேனேஜர் கழட்டிட்டான் சார்! ரிப்பேர் கேட்டா, ‘உங்க பேப்பரே சந்தோஷம்னு சொல்லுது, கலாஸ், பேச்சு முடிஞ்சுது’ங்கிறான். மணிகண்டன் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கே அனுப்பிட்டான்.”

“பார்த்தீங்களா, எழுத்தோட வலிமையை!” என்று ஆசிரியர் கண் கலங்கினார். அவ்வாரத் தலைப்பு: ‘தொழிலாளிக்கு நிரந்தர விடுமுறை: குடும்பத்தினர் மகிழ்ச்சி’.

மறு ஆண்டு உலகப் பொருளாதாரச் சரிவில் கட்டுமானங்கள் நின்றன, விளம்பரம் நின்றது, எனவே ஏடும் நின்றது. கடைசி இதழின் தலைப்புக்காக ஆசிரியர் என்னைச் சோனாப்பூருக்கு அனுப்பினார். சோலைமுத்து இன்னமும் மொட்டை மாடியில்தான் படுத்திருந்தார். செய்தியைச் சொன்னேன்.

“நெசமாவா சார்?” துள்ளி எழுந்தவர் பக்கத்து மாடியைப் பார்த்துக் கத்தினார். “டேய், பேப்பர் நின்னுடுச்சாம்டா! இனிமே ஏசி கேட்டா அந்த மேனேஜர் எதைடா காட்டுவான்?”

இரண்டு மாடிகளிலும் விசில் பறந்தது.

‘பாலைத் தென்றல் நின்றது: தொழிலாளர் மகிழ்ச்சி’ என்று எழுதிக்கொடுத்தேன். ஆறாண்டுகளில் நாங்கள் நேரில் சென்று பார்த்து எழுதிய செய்தி அது ஒன்றே. பொய் கலவாததும் அது ஒன்றே.