வேன் அங்கிளின் பச்சைக் கொடி

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெரு மொத்தமும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், வேன் அங்கிளைச் சந்தேகப்பட்டதுதான். கோயில் கூட்டத்தில் நாற்காலிக்குச் சண்டை போட்டவர்கள்கூட இதில் ஒரே கட்சி.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் வீடு தேடவில்லை. பழைய வேன் ஒன்றில் கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் வைத்து, எங்கள் தெரு மரத்தடியில் குடியேறிவிட்டார். காலையும் மாலையும் வேன் கூரைமேல் பைனாகுலரோடு உட்கார்ந்து, தடித்த ரெஜிஸ்டரில் ஏதோ எழுதுவார். வெள்ளிக்கிழமை கிள்ளான் பக்கம் கிளம்பினால் ஞாயிறன்று முழங்கால் வரை சேற்றோடு திரும்புவார். குடும்பமில்லாத மனுஷனுக்கு வாராவாரம் அங்கே என்ன வேலை?

ஒருநாள் என் மனைவி அந்த ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க, 'வருகை ஆறு நாப்பது, இருபது நிமிஷம் லேட்டு'ன்னு எழுதியிருக்கார்! நேத்து நீங்க வீட்டுக்கு வந்த நேரம்லா அது!"

அவ்வளவுதான். யார் எப்போது வீட்டில் இல்லை என்று திருடனுக்குத் துப்புக் கொடுக்கிறார் எனத் தெருவே முடிவு கட்டியது. வேனை இழுத்துப்போகச் சொல்லி மாநகர மன்றத்துக்கு மனு. இழுத்துப்போனால் அவருக்குத் தலைக்குமேல் கூரை கிடையாது. தெரிந்தேதான் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தெருச் சங்கச் செயலாளரான என் கையெழுத்து மட்டும் பாக்கி.

ஆதாரம் இல்லாமல் நான் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். நேரே அவரிடமே போனேன்.

"வாராவாரம் எங்க அங்கிள் போறீங்க?"

"வந்துதான் பாருங்களேன் தம்பி. சீட் இருக்கு."

இவ்வளவு சுலபமாகக் கூப்பிடுகிறாரே, அதுவே எனக்கு இடித்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு போட்டு வேனில் ஏறினேன்.

ஆறு கடலில் சேரும் இடம், சுற்றிலும் சதுப்புக் காடு. அங்கிள் கோணிப்பையோடு சேற்றில் இறங்கினார். கடத்தல் சாமான் வரும் என்று காத்திருந்தேன். பிளாஸ்டிக் பையும் அறுந்த தூண்டில் நரம்பும் வந்தன.

"பறவை கால்ல சுத்திக்கும் தம்பி."

"இதுக்கு யாரு சம்பளம் தர்றா?"

"சம்பளமா? யாரு குடுப்பா!"

சும்மா எவனாவது சேற்றில் இறங்குவானா? சந்தேகம் இரட்டிப்பானது.

திடீரென்று அவர் கடலைப் பார்த்து நின்று, இடுப்பிலிருந்து பச்சைக் கொடியை உருவி ஆட்டினார். அலாமாக், படகுக்குச் சைகை! ஆள் மாட்டினார் என்று பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தேன். படகே இல்லை. சேற்றுத் திட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் உள்ளான் பறவைகள் கிளம்பி வடக்கே போய்க்கொண்டிருந்தன.

"சைபீரியா வரைக்கும் போகுதுங்க. முப்பது வருஷம் கொடி காட்டின கை தம்பி, சும்மா இருக்குமா?" என்றவர் ரெஜிஸ்டரில் எழுதினார்: புறப்பாடு, ஐந்து ஐம்பது.

"அப்போ நம்ம தெருவுல எழுதுறது?"

"மரத்து மைனாங்க. தினமும் லேட்டு லா!"

அங்கிள் கொடியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"மனு விஷயம் தெரியும் தம்பி. கையெழுத்துப் போட்டுடுங்க. இல்லாட்டி தெருவுல யாரும் உங்களோட பேசமாட்டாங்க. நான் வேற மரம் பாத்துக்கறேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர் திரும்பியதும் மனுவைக் கிழித்தேன். "உங்களுக்கும் பங்கு உண்டா?" என்று தெரு என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டது. என் காரை வெளியே நிறுத்திவிட்டு, வேனை வீட்டு வளாகத்துக்குள் விடச் சொன்னேன்.

பதினோரு வருஷம் கார் வெயிலில் காய்ந்து பெயிண்ட் உரிந்தது. அங்கிள் போய்ச் சேர்ந்த பிறகும் அதை உள்ளே நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.