மூட்டைக்குள் குடித்தனம் நடத்தியவர்

வீட்டுக்குள் குடித்தனம் நடத்தியவர்கள் உலகத்தில் கோடிப் பேர் உண்டு. மூட்டைக்குள் குடித்தனம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் மூட்டை மேஸ்திரிதான். அடுத்த வீட்டில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அப்போது நாங்கள் கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கத்துத் தொழிலாளர் லைன் ஒன்றில் குடியிருந்தோம். சுரங்கத்துக்குள் பாறை சரிந்து விழாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. அதனால் மேஸ்திரி. வீட்டுச் சாமான் அத்தனையையும் ஒரு பழைய ஜமக்காளத்தில் போட்டு, எந்நேரமும் முடிச்சுப் போட்டே வைத்திருப்பார். அதனால் மூட்டை. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

மூட்டை எதற்கு? வீடு பற்றிக்கொண்டால் தூக்கிக்கொண்டு ஓட.

அவர் மனைவி ராஜம்மாக்கா ரசம் வைப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முடிச்சை அவிழ்ப்பார். மிளகு டப்பாவை எடுப்பார். முடிச்சைப் போடுவார். மிளகைத் தட்டி முடித்த பிறகு சீரகம் ஞாபகத்துக்கு வரும். மறுபடி அவிழ்ப்பு, மறுபடி முடிச்சு. ரசம் கொதிக்கிற நேரத்தில் உப்பு எங்கே என்று தேடினால் அது மூட்டையின் அடியில் கிடக்கும்.

"யோவ், உப்பையாவது வெளிய வெய்யேன்யா!"

"உப்பில்லாம எங்க போயி இன்னாத்த துன்னுவே? அதான்டி மொதல்ல உள்ள போவணும்."

"நெருப்பு வர்றதுக்குள்ள நான் செத்துப் பூடுவேன் போல கீது."

"பூட்டா சொல்லு, உன் பொடவையும் இதுலயே கட்டிடறேன்."

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் லைன் அப்படி. மூங்கில் தட்டிச் சுவர், மேலே புல்லுக் கூரை, பத்து வீட்டுக்கும் சேர்ந்தாற்போல் ஒரே நீளக் கூரை. முதல் வீட்டில் தும்மினால் பத்தாவது வீட்டுத் தட்டி ஆடும். போதாததற்கு மைன்ஸுக்கு மின்சாரம் வந்த புதிது. காவிரித் தண்ணீரிலிருந்து எடுத்துக் கம்பி வழியே அனுப்புகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்:

"தண்ணியிலேர்ந்தே நெருப்பு எடுக்கறான் வெள்ளக்காரத் தொர. புல்லுலேர்ந்து எடுக்க எவ்ளோ நேரமாவும்?"

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படித்தவர்களுக்குக் கவலைப்படப் புத்தகம் வேண்டும். எனக்கு ஒரு கம்பம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மேஸ்திரி வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். வாசலில் நின்று ஒரே கேள்வி: "வூடு பத்திக்கிச்சு. மொதல்ல இன்னா எடுப்பே?"

லைனின் முதல் வீட்டில் இருந்தவர் மேரியம்மா. மாதா படத்தை என்றார். ஒன்பதாவது வீட்டில் மேளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்றதால், "எம் பொண்டாட்டியத்தான்" என்றார். அந்த அம்மாள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "மேளத்த, மேஸ்திரி" என்றார். மேஸ்திரி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஏனென்றால் அவர் சட்டமே அதுதான்:

"கால் இருக்கறதெல்லாம் தானா ஓடியாரும். கால் இல்லாதத எடு."

மனைவி, மாமியார், ஆடு, கோழி எல்லாம் கால் கணக்கில் சேர்ந்தவை. அவற்றின் மேல் நேரத்தை வீணாக்கக் கூடாது.

இந்தச் சட்டம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. என் மனைவி கனகாவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். தலைப் பிரசவம். தாய் வீடு குடியாத்தம் பக்கம். வண்டியில் போகக்கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டார். ஆக, குழந்தை அந்தத் தட்டி வீட்டில்தான் பிறந்தாக வேண்டும். எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வீடு போனால் நிறைமாதக்காரியை எந்த மரத்தடியில் உட்கார வைப்பேன்? இதே நினைப்பாகத் திரிந்தேன். அவள் தாளிக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து கூரையைப் பார்ப்பேன்.

"இன்னாங்க, கடுகுதாங்க வெடிக்குது."

"கடுகு மட்டும்தானா? நல்லாப் பாத்தியா?"

மேஸ்திரியிடம் கேட்டேன். "கனகாவுக்குக் கால் கீதுதான். ஆனா வேகமா வராதே. அவ எந்தக் கணக்கு?"

ஒரு ஷிப்டு முழுக்க யோசித்தார். மறுநாள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இருபது பேரோடு நசுங்கிக்கொண்டு கீழே இறங்கும்போது, இருட்டில் அவர் குரல் மட்டும் தீர்ப்பாக வந்தது:

"அரைக் கால் கணக்குப்பா. தூக்காதே. கையப் புடிச்சி இட்டாந்துடு. இன்னோரு கையில இன்னா வேணாலும் எடுத்துக்கோ."

கேஜில் இருந்தவர்கள் நாங்கள் இறங்கும் லெவல் வந்து கதவு திறக்கிற வரை சிரித்தார்கள். நான் மட்டும் நிம்மதியாக இறங்கினேன்.

நெருப்பு ஒரு பட்டப்பகலில் வந்தது. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுரங்கத்துக்குள் ஓயாமல் தண்ணீர் சொட்டும். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டு நனைந்து கல்லாய்க் கனக்கும். அடுத்த ஷிப்டுக்குள் உலர வேண்டுமே என்று எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேல் கயிறு கட்டித் தொங்கவிடுவோம். மேரியம்மா வீட்டில் கயிறு அறுந்து, புருஷன் கோட்டு அடுப்பில் விழுந்தது. மேரியம்மா வெளியே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது கூரை எரிந்துகொண்டிருந்தது.

நான் ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். கனகா உலுக்கினாள். எழுந்தேன். மேஸ்திரி சொன்னபடி ஒரு கையால் அவள் கையைப் பிடித்தேன். இன்னொரு கையால் எதையோ எடுத்தேன். வெளியே வந்து பார்த்தால் விளக்குமாறு.

அதையாவது விடுங்கள். லைன் முழுக்க எதிர்த் திடலுக்கு ஓடிவந்து நின்றதே, யார் கையில் என்ன இருந்தது தெரியுமா? மாதா படம் இல்லை. மேளம் இல்லை. கல்யாணப் புடவை இல்லை. ஒவ்வொருத்தியும் இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு நின்றாள்!

எங்கள் லைனுக்குத் தண்ணீர் வண்டி காலையில் ஒரே ஒரு தடவைதான் வரும். கோழி கூவுமுன் குடத்தை வரிசையில் வைத்து, திட்டி, திட்டு வாங்கி, முடியைப் பிடித்து, ஒரு குடம் பிடித்தால் மறுநாள் வரை அதுதான். அப்படிப் பிடித்த தண்ணீரை விட்டுவிட்டு யாருக்கு ஓட மனசு வரும்? மேரியம்மாகூடத் தன் வீடு எரிய எரிய, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடத்தைக் கொண்டுவந்து திடலில் பத்திரமாக இறக்கி வைத்து, மேலே தட்டு போட்டு மூடி, அதற்குப் பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நெருப்பிலிருந்து தண்ணீரைக் காப்பாற்றியவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

அப்போது மேஸ்திரி ஓடிவந்தார். சுரங்க ஷாப்டிலிருந்து அப்போதுதான் மேலே வந்திருந்தார் போல. தொப்பியில் ஒட்டிய மெழுகுவத்தித் துண்டோடு, உடம்பெல்லாம் சேறு.

முதல் வீடு மேரியம்மா வீடு. இரண்டாவது மேஸ்திரி வீடு. மூன்றாவது எங்களுடையது. அதற்கப்பால் ஏழு வீடு. நடுவில் ஒரு வீட்டைச் சாய்த்து இடைவெளி விட்டால்தான் நெருப்பு நிற்கும். இது எல்லாருக்கும் தெரியும். கோடாலியோடு நின்ற ஒருவர் சரியாகத்தான் சொன்னார்:

"ரெண்டாவது வூட்டுல அனல் அடிக்குது. மூணாவதத் தள்ளுங்கடா!"

கனகா என் கையை இறுக்கினாள். மூன்றாவதைத் தள்ளினால்தான் மீதி வீடுகள் தப்பும். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? விளக்குமாற்றோடு நின்றேன்.

மேஸ்திரி கோடாலியைப் பிடுங்கினார்.

"புள்ளத்தாச்சி வூடுடா அது. எவனாவது கை வெச்சீங்க, பாத்துக்கோ!"

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் நுழைந்தார். கூரையின் ஓரம் அதற்குள் கருகத் தொடங்கியிருந்தது.

ராஜம்மாக்கா கத்தினார். "யோவ், மூட்ட உள்ள கீதுய்யா! வாசப்படிக்கிட்டயே கீது!"

"தெரியும்டி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதோடு கோடாலிச் சத்தமும் வந்தது.

ஆயிரம் அடிக்குக் கீழே மலையையே முட்டுக் கொடுத்து நிறுத்துகிறவருக்கு, எந்தக் காலைத் தட்டினால் எது எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாதா? பின்பக்கத்தில் இரண்டு வெட்டு, நடுத்தூணில் மூன்று வெட்டு. வெளியே பாய்ந்து வந்துவிட்டார். கூரை ஒரு பெருமூச்சு விட்டு, எங்கள் வீட்டுத் தட்டியைத் தொடாமல் அப்படியே பின்னால் படுத்தது. நேர்த்தி என்றால் அது நேர்த்தி. நெருப்பு மட்டும் விடாமல் படுத்த கூரை மேல் ஏறி வந்தது.

"ஊத்துங்கடி தண்ணிய!"

பெண்கள் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

"ஊத்திட்டா நாளிக்கி சோத்துக்கு இன்னா பண்றது, மேஸ்திரி?"

"சோறாக்க வூடு வேணுமேடி!"

இது யாருக்கும் தோன்றவே இல்லை. முதலில் கனகாதான் என் கையை உதறினாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு போய், மேரியம்மா மூடி வைத்திருந்த குடத்தைக் காலால் தட்டிக் காட்டி, "யக்கா, ஊத்துக்கா" என்றாள். மேரியம்மா ஊற்றினார். பிறகு இரண்டு குடம், நாலு குடம், ஊறவைத்த அரிசியோடு ஒரு குண்டான். பாதிக் கூரையோடு நெருப்பு நின்றது.

மூட்டை எரிந்த பாதியில் இருந்தது. கிளறிப் பார்த்ததில் ஒரு தோசைக்கல் தேறியது. மேளக்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா மேஸ்திரி, நாலு வருசமா கட்டி வெச்ச மூட்ட! தூக்கினு ஓடறத மறந்துட்டியே!"

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான்.

"ஓடறதுக்குக் கட்டன மூட்டடா அது. நான் எங்கடா ஓடனேன்?"

மேரியம்மா குடும்பம் ஆண்டர்சன்பேட்டையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனது. மேஸ்திரியும் ராஜம்மாக்காவும் எங்களோடு வந்துவிட்டார்கள். பத்து நாளில் எனக்குப் பெண் பிறந்தாள். வீட்டுக்குள் பிரசவம் நடக்க, வெளியே நான் நகத்தைக் கடிக்க, அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கொழந்தைக்குக் கால் ரெண்டும் இருக்குமா இருக்காதான்னு இப்பவே கவலப்படாதே" என்று தேற்றினார். அதுவரை நான் அதை நினைக்கவே இல்லை. அவர் சொன்ன பிறகுதான் நினைத்தேன்.

மூன்று மாதம் ஒரே அறையில் இரண்டு குடும்பம். குழந்தை அவர் மார்பில்தான் தூங்கும். ராஜம்மாக்கா உப்பு டப்பாவைத் திறந்த இடத்தில் வைத்துவிட்டு, நாளுக்கு நாலு தடவை அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். நான் என்னவோ, கடுகு வெடித்தால் எழுந்திருப்பதை விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் லைனின் அந்தக் கோடியில் தகரக் கூரை போட்டுப் புதிய வீடுகள் எழும்பின. அதில் ஒன்று மேஸ்திரிக்கு. இன்றுவரை வீட்டில்கூடச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஒரு நாள் ஷிப்டு முடிந்து, குளிக்காமல்கூட, வீடு கட்டுவதைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

"மேஸ்திரி வூட்டுக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க. தகரம் மெதுவாப் போட்டா போதுங்க."

ஓவர்சியர் கன்னடக்காரர். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனப்பா, உங்க லைனுக்கு இன்னா ஆச்சு? காலைல மேஸ்திரியும் வந்து இதையேதான் சொல்லிட்டுப் போறான்."