டாஸ்க்பாரில் ஒரு சிக்னல்

இனிமேல் சனிக்கிழமை காலையில் பாசாருக்குப் போவதில்லை என்று 1999-ஆம் வருடம் ஜனவரி முதல் தேதி சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் இன்னும் சுதந்திரம் வரவில்லை.

என் பெயர் வேலாயுதம். முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை பார்த்தவன். நான் லீவரை இழுத்தால்தான் ரயில் நகரும். என்னைக் கேட்காமல் எந்த ரயிலும் கோலாலம்பூருக்குள் நுழைந்தது கிடையாது. பணி ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்சைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானுக்கு வந்த பிறகு, என் மனைவி பவுனம்மாளைக் கேட்காமல் நான் குளியலறைக்குள்கூட நுழைவதில்லை.

அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல சமையல், நல்ல குணம், முப்பது வருடத்துப் பழக்கம். ஆனால் இந்த பாசார் இருக்கிறதே, அதுதான் என்னால் முடியாது. காலை எட்டரைக்குப் போனால் பன்னிரண்டரை ஆகும். ஒவ்வொரு மீனுடைய செவுளையும் திறந்து பார்த்து, அது எந்தக் கடலில் எப்படி வாழ்ந்தது என்று விசாரித்து முடிக்க வேண்டும். நான் மூன்று பைகளோடு ஈரத்தரையில் நிற்பேன். ஒரு கத்தரிக்காயை அவள் பொறுக்குகிற கவனத்தில் பத்தில் ஒரு பங்கை அவள் அப்பா மாப்பிள்ளை பார்க்கும்போது காட்டியிருந்தால், நான் அன்றைக்கே தப்பித்திருப்பேன்.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. மகள் கல்யாணமாகி பினாங்குக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் இருபத்து மூன்று பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். நான் செயலாளர். தலைவர் என் சிநேகிதன் இராமலிங்கம், ரயிலில் கார்டாக இருந்தவன். சுங்கை பூலோவில் இருக்கிறான். அவன் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது, மனைவியும் இருக்கிறாள். ஆகவே என் கஷ்டம் அவனுக்குச் சொல்லாமலே புரிந்தது.

திட்டம் ரொம்பச் சுலபம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் இன்டர்நெட்டைப் போட்டு உட்காருவேன். எட்டேகாலுக்கு இராமலிங்கம் எனக்கு ஒரு இமெயில் அனுப்புவான். உள்ளே ஒன்றும் எழுத வேண்டாம், வெறும் மெயில் போதும். மெயில் வந்தால் திரையின் அடியில் இருக்கிற டாஸ்க்பாரில், வலது மூலையில், ஒரு மஞ்சள் கடித உறை தோன்றும். அது தோன்றினால் சங்கத்தில் அவசரம். செயலாளர் மத்தியானம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

ஒரே ஒரு சிக்கல். அந்த மூலையில் ஏற்கெனவே தைப்பூசக் கூட்டம். ஒலிபெருக்கி ஒன்று, வைரஸ் தடுக்கிற கேடயம் ஒன்று, பிரிண்டர் ஒன்று, போன் லைன் சேர்ந்திருக்கும்போது மினுக்குகிற குட்டிக் கம்ப்யூட்டர் இரண்டு, எதற்கென்றே தெரியாத ஒரு பச்சை உருண்டை, கடைசியில் கடிகாரம். இந்தத் தள்ளுமுள்ளில் ஒரு கடித உறை வந்து நின்றால் பவுனம்மாளின் கண்ணில் எங்கே படப்போகிறது?

சிக்னல்காரனுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பார்க்க வேண்டிய விளக்கு ஒன்றுதான் எரிய வேண்டும். நாலு நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்தையும் எங்கே போய் எந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்தால் மறையும் என்று கண்டுபிடித்து மறைத்தேன். ஒலிபெருக்கி போயிற்று. கேடயம் போயிற்று. பிரிண்டரும் பச்சை உருண்டையும் போயின. அந்த இரண்டு குட்டிக் கம்ப்யூட்டரையும் இடத்தைக் காலி செய்ய வைத்தேன். கடிகாரத்தையும் விடவில்லை. மணி தெரிந்தால் எப்போது முடியும் என்று கேட்பாள். நாலாம் நாள் மூலை துடைத்து விட்ட மாதிரி இருந்தது. மன்மதனுக்குக்கூடத் தன் வில்லைப் பார்த்து அவ்வளவு பெருமை வந்திருக்காது.

பிறகு பவுனம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். இது சிக்னல் மாதிரி. சிவப்பு விழுந்தால் ரயில் நிற்க வேண்டும். சிக்னலே பழுதாகிச் சிவப்பில் மாட்டிக்கொண்டாலும் நிற்கத்தான் வேண்டும். மெய்யா பொய்யா என்று ஆராய்ச்சி செய்ய டிரைவருக்கு உரிமை கிடையாது. அப்படி ஆராய்ந்தவன் எவனும் உருப்பட்டதில்லை என்று சொன்னேன். அவள் கன்னத்தில் கைவைத்து நல்ல பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை உறை வந்தது. அவளே முதலில் பார்த்தாள். சரி, நீங்க சங்கத்த பாருங்க என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு வீரம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாசாருக்குப் போய்விட்டாள். நான் தே தாரே என்கிற நுரை பொங்கும் பால் தேநீர் ஒன்று ஆற்றிக்கொண்டு, வானொலியைப் போட்டு, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை படித்தேன். இப்படி ஐந்து மாதம் ஓடியது. சொர்க்கம் சொர்க்கம் என்கிறார்களே, அது கிள்ளானில் சனிக்கிழமை காலையில் இருந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

ஜூன் மாதம் வந்தது. டுரியான் சீசன்.

பவுனம்மாளின் தம்பி சபாபதி ஜெஞ்சாரோமில் இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் நாலு டுரியான் மரம். வியாழக்கிழமை போன் செய்து, பழம் மடமடவென்று விழுகிறது, சனிக்கிழமை காலையில் வேனோடு வந்து எல்லாரையும் கூட்டிப் போகிறேன், மாமா கட்டாயம் வரணும் என்றான். எனக்கு அப்போதே வாய் ஊறிவிட்டது. அந்த மரத்துப் பழத்தைப் பற்றி நான் என்ன சொல்ல. கொட்டை பொடிசு, சதை கெட்டி, கடைசியில் லேசாக ஒரு கசப்பு. அதற்காக நான் வருடம் முழுவதும் காத்திருக்கிறேன் என்றால் மிகையில்லை.

ஆனால் எனக்குச் சர்க்கரை இருக்கிறது. திங்கட்கிழமை கிளினிக்கில் ரத்தம் எடுக்கப் போக வேண்டும். போன வருடம் ஒரே ஒரு சுளை என்று சொல்லி உட்கார்ந்து நான் இரண்டு முழுப் பழம் தின்றேன். அதற்காக டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான் இல்லை, பவுனம்மாள். சபாபதி வேறு மாமாவுக்குப் போடு, மாமாவுக்குப் போடு என்று பிளந்து பிளந்து நீட்டுவான். தம்பி வீட்டில் எல்லார் முன்னாலும் அவள் என் கையைத் தட்டிவிட முடியாது. அதனால் இந்த வருடம் பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். அவளோ போகலாமே என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமையே இராமலிங்கத்துக்குப் போன் செய்து, நாளைக்கு மட்டும் மெயில் போட்டுவிடாதேடா என்று மூன்று தடவை சொன்னேன். சரிடா என்று மூன்று தடவை சொன்னான். போதாததற்கு சனிக்கிழமை காலையில் நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. இன்டர்நெட் இல்லாவிட்டால் மெயில் எங்கிருந்து வரும்? நேரே குளிக்கப் போனேன். அடுப்படியில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சட்னிக்கு இவ்வளவு நேரமா என்று ஒரு விநாடி நினைத்தேன், அவ்வளவுதான்.

தலை சீவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். வாசலில் வேன் நின்றது. வீரம்மா ஏற்கெனவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. யார் போட்டது என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் பவுனம்மாள் திரையைக் காட்டினாள்.

"என்னங்க, மூலைல மஞ்சளா என்னமோ தெரியுதே."

துடைத்து விட்டது மாதிரி இருந்த அந்த மூலையில், ஒற்றைக் கடித உறை. எனக்கு அப்போதுதான் மிக்சியின் அர்த்தம் விளங்கியது. மோடம் லைனைப் பிடிக்கும்போது கிர்ர், கீங், புஸ் என்று ஊரைக் கூட்டுமே, அந்தச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று தேங்காயை அரைத்திருக்கிறாள். ஐந்து மாதமாக என் முதுகுக்குப் பின்னால் நின்று எதை எங்கே அமுக்குகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். லைன் சேர்ந்திருப்பதைக் காட்டுகிற அந்த இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்திருந்தால், குளிக்கப் போகும்போதே பார்த்துத் துண்டித்திருப்பேன். அதைத்தான் நான் என் கையாலேயே மறைத்துத் தொலைத்தேனே.

"அது சும்மா இருக்கும் பவுனு. வா, போகலாம்."

"அஞ்சு மாசமா வந்ததெல்லாம் அவசரம், இன்னைக்கு வந்தது மட்டும் சும்மாவா?"

"பழுதா இருக்கும்லா."

"பழுதானாலும் நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"இது நெசம் இல்ல. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் ஐந்து மாதத்துச் சனிக்கிழமையும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். சபாபதி வாசலில் நிற்கிறான். வீரம்மா ஜன்னல் வழியாகக் காதை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நான் தொண்டையைக் கனைத்தேன். திரையைப் பார்த்தேன். சபாபதியைப் பார்த்தேன்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றேன். "சங்கத்துல எதோ அவசரம்போல."

பாவம் மாமா, ரிடையராகியும் நிம்மதி இல்லை என்று சபாபதி உண்மையாகவே வருத்தப்பட்டான். பவுனம்மாள் தோசையையும் சட்னியையும் மூடிவைத்திருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். வண்டி முனை திரும்புகிற வரைக்கும் கையாட்டினேன்.

திரும்பி வந்து மெயிலைத் திறந்தேன். முதல்முறையாக உள்ளே எழுத்து இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். மன்னிச்சிருடா, பவுனம்மா தங்கச்சி எனக்கு ஆறு பழம் தரேன்னு சொல்லிருச்சு என்று போட்டிருந்தான். ஆறு பழத்துக்கு முப்பது வருடச் சிநேகத்தை விற்றவனை என்ன செய்யலாம் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த மரத்துப் பழம் என்றால் நானும் விற்றிருப்பேன். கோபம் அதோடு போயிற்று. சட்னி நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு பவுனம்மாள் வந்தாள். அவள் வருவதற்கு முன்னால் வாசனை வந்தது. நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தேன். அவள் கைகால் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு சுளை. ஒன்றே ஒன்று.

"நேத்தே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒண்ணு சாப்பிடலாமாம். மெதுவா சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். கடைசியில் அந்தக் கசப்பு நாக்கில் இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளையா ஐந்து மாதம் ஏமாற்றினோம் என்று மனசாட்சி குத்தியது. விரலை நக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சங்கத்தில் எந்த அவசரமும் இல்லை, மெயில் எல்லாம் வெறும் மெயில், எல்லாம் பாசாருக்குப் பயந்து செய்தது, இனிமேல் வாரா வாரம் நானே பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் வேணாம்," என்றாள் பவுனம்மாள், நிஜமாகவே பதறிப்போய். "நீங்க கூட வந்தா கடைக்குக் கடை பெருமூச்சு விட்டே என் உசுர வாங்குவீங்க. இப்பதான் நானும் வீரம்மாவும் ஒரு மணி நேரத்துல வாங்கி முடிச்சிட்டு, அப்பம் சாப்பிட்டுக்கிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு பன்னெண்டு மணிக்கு வந்து சேர்றோம். இராமலிங்கம் அண்ணே ஒரு மறதிக்காரரு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் பண்ணி, நாளைக்கு இவருக்கு மெயில் போட மறந்துடாதீங்கண்ணேன்னு ஞாபகப்படுத்தறதே நான்தாங்க."