செல்லத்துரை முதலாளியை ரீவியில் போட்ட கதை

கணினி படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு மென்பொருளை விற்க வந்தால், "இதை நானே எழுதுவேனே" என்று நாக்குத் துருதுருக்கும். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. கொழும்பில் ஒரு சின்னப் படிப்பு முடித்து, சான்றிதழுக்கு பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு வந்து, வவுனியாவில் ஒரு புடவைக்கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். (கடையில் வேறு ஒருவருக்கும் கணினி தெரியாது. அதனால் வவுனியாவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு.)

அது சண்டை நின்று, பூட்டியிருந்த பாதை திறந்திருந்த சமாதான காலம். ஊர்ச் சனம் எல்லாம் ரவுனுக்கு வந்து போனது. எங்கள் முதலாளி செல்லத்துரை, நெடுங்கேணியில் இருந்த காணியை விற்று, கடைக்கு ஒரு மேல்மாடி கட்டினார். சேலைகள் எல்லாம் இனி மேலே. காணியும் போய், மாடியும் சும்மா கிடந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"கீழ சாறியைக் காணாட்டி சனம் அப்பிடியே திரும்பிப் போயிடும், பிள்ளை. ஆர் படி ஏறப்போறான்?"

கொழும்பில் ஒரு கடை வாசலில் பெரிய ரீவி வைத்து விளம்பரம் ஓடவிட்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். அதுபோல ஒன்று வேண்டும் என்றார். கொழும்பிலிருந்து ஒரு கொம்பனிக்காரர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, தங்கள் மென்பொருளைப் போட்டுக் காட்டினார். படம் மாறியது, எழுத்து ஓடியது. மின்சாரம் போய் வந்தால் தானாகவே மறுபடி தொடங்கியது.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை, வாங்குவமோ?"

"இதென்ன முதலாளி, படத்தை மாத்திற வேலைதானே. நானே செய்து தாறன்."

கொம்பனிக்காரர் மரியாதையாகக் கேட்டார். "தங்கச்சி, இடையில நிண்டுபோனா ஆர் பாக்கிறது?"

"நான் எழுதினது ஏன் நிக்குது?" என்றேன். (அந்த வாயை அப்போதே யாராவது தைத்திருக்கலாம்.)

முதலாளி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பழுதானா அவர் கொழும்பிலயிருந்து வரவேணும். நீர் இஞ்சயே நிக்கிறீர். சரி, நீரே செய்யும்." இப்படித்தான் எங்கள் கடையில் அந்த மகத்தான தொழில்நுட்ப முடிவு எடுக்கப்பட்டது. கொம்பனிக்காரர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் இரவு பகலாக எழுதினேன். நிறப் படம் போட்டால் கணினி மூச்சு வாங்கியது. ஆகவே கறுப்பு வெள்ளை போதும் என்று முடிவெடுத்தேன். முதலாளியின் படம் ஒன்று வேண்டுமே என்று பக்கத்து ஸ்ரூடியோவுக்குப் போனேன். முந்திச் சண்டைக் காலத்தில் பயணம் போக ஆமியிடம் பாஸ் எடுக்கப் பிடித்த படம் ஒன்று இருந்தது, அதில் அவர் சிரிக்கவில்லை. சுற்றிவரப் போடுவதற்கு அவர்களுடைய கணினியில் இருந்த சட்டங்களில் வடிவானதாக ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். நான்கு பக்கமும் மல்லிகைப் பூ, கீழ் மூலையில் எரிகிற குத்துவிளக்கு. திறப்புவிழா என்றால் விளக்கு வேண்டும்தானே!

பிறகு வசனம். "நான் நெடுங்கேணியான் எண்டது சனத்துக்குத் தெரியவேணும். இப்ப நெளுக்குளத்தில இருக்கிறன் எண்டதையும் போடும்" என்றார் முதலாளி. ஒரு பெரிய மனிதரைப் பற்றி மரியாதையாக எழுதுவது எப்படி என்று யோசித்தேன். பத்திரிகையில் தினமும் வாசிக்கிற ஒரு நடை கைக்கு வந்தது. எழுதிவிட்டு நானே மெச்சிக்கொண்டேன். வசனம் நீளமாக இருந்ததால் பாதி முதல் படத்திலும், மீதி அடுத்த படத்திலும் வந்தது.

திறப்புவிழா அன்று, கண்ணாடி அலுமாரிக்குள் றோட்டைப் பார்த்தபடி ரீவியை வைத்து முடுக்கினேன். முதல் படம் வந்தது. வெளியே நின்று பார்த்துப் பூரித்தேன். அடுத்த படத்துக்குக் காத்திருப்பதற்குள், "பிள்ளை, நல்ல நேரம் போகுது, மேல வாரும்!" என்று முதலாளி கத்தினார். ஓடிப்போனேன். ஐயர் மந்திரம் சொல்லி, நாடா வெட்டி, எல்லாம் முடிந்தது. நாங்கள் படி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சனமும் ஏறவில்லை. முதலாளியின் முகம் வாடத் தொடங்கியது.

கீழே போன் அடித்தது. முதலாளியே இறங்கிப்போய் எடுத்தார், நானும் பின்னால் போனேன். எதிர்முனையில் அவருடைய மனைவி, பரமேஸ் அக்கா. அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தானப்பா."

"நான் எண்டா ஆர்?"

"உன்ர மனிசன்!"

"ஐயோ, அவர் செத்துப்போனாரெல்லே! பக்கத்து வீட்டுக்காரர் கடை வாசல்ல பாத்திட்டு வந்து சொன்னவர்!"

அவர் பதில் சொல்வதற்குள், எதிரே செருப்புக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானா கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்தார். பின்னால் தெருக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் சோகமாக வந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு முதலாளி காலமானால் மற்றக் கடைகள் எல்லாம் கதவைப் பூட்டிவிட்டுத்தான் துக்கம் விசாரிக்கப் போகும். மேசையடியில் முதலாளியைக் கண்டதும் ஹனீபா நானா "அல்லாவே!" என்று இரண்டடி பின்னால் போனார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடையைப் பூட்டிட்டு வந்து நிக்கிறம் முதலாளி! உசிரோட இருக்கிறீங்க எண்டா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

எல்லோரும் வெளியே ஓடினோம். ரீவி முதல் படத்திலேயே உறைந்துபோய் நின்றது. பூச்சட்டம், விளக்கு, சிரிக்காத கறுப்பு வெள்ளை முகம். கீழே என் வசனம்:

"நெடுங்கேணியைப் பிறப்பிடமாகவும், நெளுக்குளத்தை வதிவிடமாகவும் கொண்ட பிரபல வர்த்தகர் திரு. செல்லத்துரை அவர்கள் இன்று காலை..."

"...தமது கடையின் மேல்மாடியைத் திறந்துவைக்கிறார்" என்பது வராத படத்தில் இருந்தது.

முதலாளி அதை ஆறுதலாக, இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, நான் எப்ப செத்தனான்?"

"இண்டைக்குக் காலமை எண்டு போட்டிருக்கு, முதலாளி," என்றேன். வேறு என்னதான் சொல்வது? பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன்.

நான் அழுதுகொண்டே கணினியை நிறுத்தக் கையை நீட்டினேன். முதலாளி என் கையைத் தடுத்தார். தெருவை மேலும் கீழும் பார்த்தார். கடைகள் எல்லாம் பூட்டு. நெளுக்குளத்துச் சனம் வேறு ஓட்டோக்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மனிதருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

"பின்னேரம் வரைக்கும் கிடக்கட்டும்," என்றார் மெதுவாக. பிறகு வாசலில் ஒரு கதிரையைப் போட்டு ஏறி நின்றார். "எனக்கு ஒண்டுமில்லை! வந்ததுதான் வந்திட்டியள், மேல ஏறிச் சாறியளைப் பாத்திட்டுப் போங்கோ!"

செத்தவர் கூப்பிட்டால் யார்தான் மறுப்பார்கள்? படி முழுக்கச் சனம். பரமேஸ் அக்காவும் வந்து, முதலாளியைத் தொட்டுப் பார்த்து, நன்றாகத் திட்டி, அழுத கண்ணோடே ஒரு சேலையும் எடுத்துக்கொண்டு போனா.

அடுத்த நாள் முதலாளி கொழும்புக்குப் போன் எடுத்தார். முந்தி இருந்த மென்பொருளில் என்ன குறை என்று கொம்பனிக்காரர் கேட்டிருக்க வேண்டும். "குறையெண்டு சொல்லேலாது, நல்லா வியாபாரம் நடந்தது. ஆனா அடிக்கடி சாக எனக்கு ஏலாது," என்றார். நான் பழையபடி பில் அடிக்கப் போனேன்.

சில காலம் கழித்து எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் எப்படி என்று விசாரிக்கக் கடைக்குப் போனார்கள். முதலாளி அவர்களை இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்:

"தங்கமான பிள்ளை. என்னை ஒருக்கா சாக்காட்டினது. மற்றும்படி ஒரு குறையும் சொல்லேலாது."

அதைக் கேட்ட பிறகும் சம்மதித்தார்கள். என் கணவர் இன்றைக்கும் புது ஆட்களிடம் என்னை அறிமுகப்படுத்துவது அந்த வார்த்தைகளால்தான்.